ஐந்தாவது மஞ்சள் அட்டை

"அறிவிருக்காடா உனக்கு?" உடைமாற்றும் அறையின் கதவைச் சாத்திவிட்டுப் பயிற்சியாளர் ஹார்ட்முட் கத்தினார். "விசில் ஊதின பிறகு பந்தை எதுக்கு உதைச்சே? அஞ்சாவது மஞ்சள் அட்டை, ஒரு ஆட்டம் தடை! அடுத்த சனிக்கிழமை உன்னோட கடைசி ஆட்டம். இப்போ அதுல நீ ஆட முடியாது!"

டோர்பென் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நான்காம் பிரிவு லீகில் பதினான்கு வருடத் தடுப்பாட்டக்காரன். முழங்கால் இரண்டும் போய்விட்டன.

"என் இடத்துல லாஸேயை இறக்குங்க, கோச். வருஷம் பூரா பெஞ்சுலயே உக்காந்திருக்கான். ஒரு ஆட்டமாவது ஆடலைன்னா கிளப்புல இருந்து அனுப்பிடுவாங்க."

ஹார்ட்முட் முறைத்தார். "அப்போ வேணும்னே வாங்கினியா?"

"உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான். பதினாலு வருஷத்துக்கு முன்னாடி நீங்க ஆடிக்கிட்டிருந்தப்போ, பெஞ்சுல கிடந்த எனக்காக நீங்களும் இப்படித்தானே பந்தை உதைச்சு அஞ்சாவது அட்டை வாங்கினீங்க? உங்க இடத்துல இறங்கித்தான் நான் முதல் ஆட்டம் ஆடினேன். அதை ஒருநாளும் மறந்ததில்ல, கோச்."

ஹார்ட்முட் மெல்ல அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டேய்... அன்னிக்கு எனக்கு நடுவர் மேல கோபம்டா. உன்னை நான் நினைக்கவே இல்ல."

டோர்பென் விழித்தான். பதினான்கு வருடம்! பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான்.

"போகட்டும் கோச். உங்க கோபத்துக்கு ரொம்ப நன்றி."

ஹார்ட்முட் சனிக்கிழமைக்கான பட்டியலை எடுத்து, டோர்பென் பெயரை அடித்துவிட்டு, லாஸே என்று எழுதினார்.

"வழியனுப்புற பூங்கொத்தை வாங்கவாவது நல்ல கோட்டு போட்டுட்டு வந்து தொலை!"