திமிங்கலப் புத்தகம்

"அடுத்தவக பொருளு நம்ம வீட்டுல கெடந்துச்சுன்னா…"

இருதயம் பெரியப்பா அடிக்கடி சொல்வார். மிச்சம்தான் ஆண்டனி ராஜுக்கு ஞாபகம் வரவில்லை. தூக்கம் வராது என்பாரா, சோறு இறங்காது என்பாரா?

"எதையாவது போட்டு முடிங்க, பிள்ளைக்கு என்ன தெரியப் போவுது?" என்றாள் மனைவி ரோஸ்லின்.

"சோறு இறங்காது" என்று முடித்து, காலண்டர் தாளின் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை கொட்டையாக எழுதி, ஹால் சுவரில் ஒட்டினார்.

மகளுக்காக வீட்டு ஹாலில் லைப்ரரி திறந்து பத்து நாள்தான் ஆகிறது. தோட்டத்தில் சும்மா கிடந்த திராட்சைப் பெட்டிகள் மூன்றை அடுக்கினால் அலமாரி. உருளைக்கிழங்கைச் செதுக்கி பீட்ரூட் சாற்றில் முக்கினால் சீல். நூலகர், ஆறு வயது மகள் மெர்லின். "சத்தம் போடாதீக!" என்று தெருமுனை வரை கேட்கும்படி கத்துவது அவள் வேலை.

பக்கத்து வீட்டுக் கயல், மூன்றாம் வகுப்பு, உறுப்பினர் எண் ஒன்று. கோழிக்கு எண் இரண்டு.

"கோழிக்கு என்ன புக்குடி குடுத்த?"

"சமையல் புக்கும்மா. ஒரு படம்தான் பாத்துச்சு, ஓடியே போச்சு."

தாமதமாகத் திருப்பினாலும் பக்கத்தைக் கிழித்தாலும் ஒரே சட்டம்தான். பாவசங்கீர்த்தனம்! அம்மா கோயிலில் சாமியாரிடம் முழங்கால் போட்டுப் பாவத்தைச் சொல்வதை மெர்லின் பார்த்திருக்கிறாள். அதே மாதிரி இங்கேயும். முதுகில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிக்கு அந்தப் பக்கம் மெர்லின், இந்தப் பக்கம் பாவி. பாவத்தைச் சொன்னால், "மூணு பக்கம் சத்தமா வாசி" என்று தண்டனை. மெர்லினுக்கு இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாது. கதை கேட்க அவள் கண்டுபிடித்த வழி அது.

இப்போது அந்த லைப்ரரியில்தான் தகராறு.

ஆண்டனி ராஜின் திமிங்கலப் புத்தகத்தைக் காணோம். கயல் எடுத்துப் போனாள். அஞ்சு நாளாக ஆளும் வரவில்லை, புத்தகமும் வரவில்லை.

"இருபது வருசம் வெளிநாட்டுல இருந்தேன். அங்கன எடுத்த புக்கை எடுத்த நாளுக்குக் கொண்டு வந்து வைப்பாக. இங்கன? ஒரு புக்கு வாசல் தாண்டுனா அம்புட்டுத்தான்!"

"எட்டு வயசுப் பிள்ளைங்க அது."

"இந்த வயசுலயே பழகணும் ரோஸ்லின். சின்னப் பிள்ளையில இருந்து நான் பத்திரமா வச்சிருந்த புக்கு!"

இன்னொரு காலண்டர் தாளைக் கிழித்தார். 'கயல்: உறுப்பினர் நீக்கம்.' ஒட்டிவிட்டார்.

மெர்லின் உதட்டைப் பிதுக்கினாள். "அப்ப எனக்குக் கதை யாரு வாசிப்பா? கோழியா?"

ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பினால், வாசலில் கயல் நிற்கிறாள். கையில் ஒன்றும் இல்லை.

"வா ஆத்தா. புக்கு எங்க?"

உள்ளே வந்த கயல் சுவரில் இருந்த தன் பெயரைப் பார்த்தாள். கண் கலங்கியது. நேரே போய் நாற்காலிக்கு முன்னால் முழங்கால் போட்டாள்.

மெர்லின் குதித்தோடி அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். "சொல்லுக்கா! என்ன பாவம் செஞ்ச?"

"பொய் சொல்லிட்டேன்."

"பாத்தியா?" என்றார் ஆண்டனி ராஜ், மனைவியிடம்.

"யார்ட்ட பொய் சொன்ன?" மெர்லின் விடவில்லை.

"லைப்ரரி சார்ட்ட."

"நான் சார் இல்ல, மிஸ்ஸு!"

"நீ இல்லடி. நிஜ லைப்ரரி சார்." கயல் மூக்கை உறிஞ்சினாள். "திமிங்கலப் புக்குல ரெண்டு சீல் இருந்துச்சு. ஒண்ணு உன் பீட்ரூட்டு சீலு. உள்ள, பதினேழாம் பக்கத்துல, நீலக் கலர்ல இன்னொண்ணு. நம்ம ஊரு லைப்ரரி சீலு. செவ்வாக்கிழம டீச்சர் எங்களை அங்கன கூட்டிட்டுப் போவாக. அப்பக் கொண்டு போயிக் குடுத்துட்டேன். அடுத்தவக பொருளு வச்சிருந்தா சோறு இறங்காதுன்னு மாமாதான எழுதி ஒட்டிருக்காக?"

ஆண்டனி ராஜ் சுவரில் தான் எழுதி ஒட்டியதைத் திரும்பிப் பார்த்தார்.

"சார்… என்ன சொன்னாக?"

"திருப்பிக் குடுக்க வேண்டிய தேதியப் பாத்தாக மாமா. கண்ணாடியத் தொடச்சிட்டு மறுபடி பாத்தாக. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொம்பதுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாக. பொறகு, 'யாரு வீட்டுல இருந்துச்சு?'ன்னு கேட்டாக."

ரோஸ்லின் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"நீ என்ன சொன்ன?"

"மாமா பேரச் சொன்னா எல்லாரும் உங்களப் பாத்துச் சிரிப்பாகள்ல? அதான், ரோட்டுல கெடந்துச்சுன்னு சொல்லிட்டேன்." கயல் நாற்காலி ஓட்டைக்குள் முகத்தை வைத்தாள். "அதான் மிஸ், நான் சொன்ன பொய்யி. மாமாகிட்ட வந்து சொல்றதுக்கும் பயமா இருந்துச்சு."

"மூணு பக்கம் வாசி" என்றாள் மெர்லின், மகா கருணையோடு. "வேணாம், ஆறு பக்கம்!"

கயல் சிரித்துவிட்டாள். கோழியும் எங்கிருந்தோ வந்து எட்டிப் பார்த்தது.

ஆண்டனி ராஜ் கயலின் பெயர் இருந்த தாளைக் கிழித்தார். பீரோவைத் திறந்து, அதே நீல முத்திரை போட்ட இன்னும் நான்கு புத்தகங்களை எடுத்துப் பைக்குள் வைத்தார். செருப்பை மாட்டினார்.

"லைப்ரரி சார் கேட்டா என்ன சொல்லுவீக மாமா?" என்றாள் கயல். "ரோட்டுலயா கெடந்துச்சு?"

"என் பீரோவுலன்னு சொல்லப் போறேன்" என்று தெருவில் இறங்கினார்.