மலேசியாவிலிருந்து முத்துப்பாண்டி

ஞாயிறு தவறாமல் மலேசியாவிலிருந்து போன் வந்துவிடும். எம். புதுப்பட்டியில் அய்யம்மாள் செல்போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

"அம்மா, முத்துப்பாண்டி பேசுதேன். சாப்பிட்டியா?"

"ஆச்சுய்யா. அங்கன வேலை எப்படி இருக்கு?"

"பெர்மிட்டு இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கிடைச்சிருச்சும்மா. இன்னைக்குத் தம்பி எழிலுக்குத் திதியாச்சே, சாமி கும்பிட்டியா?"

அய்யம்மாள் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏலே எழிலு, இங்கன யாரும் இல்லை. எங்கிட்டயாவது உன் பேரைச் சொல்லிப் பேசுய்யா."

மூன்று வருடங்களுக்கு முன் பட்டாசு ஆலை விபத்தில் அடையாளம் தெரியாமல் கருகிப்போனவன் முத்துப்பாண்டிதான். அவனுக்கு விசா வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. செத்தது எழில் என்று ஊரை நம்பவைத்து, முத்துப்பாண்டியோடு இரட்டையாய்ப் பிறந்த எழிலை அண்ணன் பாஸ்போர்ட்டிலேயே விமானம் ஏற்றிவிட்டாள் அய்யம்மாள். இனி கனவில்கூட உன் பேரைச் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கியிருந்தாள்.



"என்னம்மா பேசுத? எழிலுக்கு நான்தான கொள்ளி வச்சேன்."

எழில் படபடவென்று பேசுகிறவன். இந்தக் குரலோ மூத்தவனுடையதைப் போல நிறுத்தி நிதானமாக வந்தது. பேசுவது எந்த மகன் என்று பெற்றவளுக்கே பிடிபடவில்லை.