பின்தெருவுக்கு முந்நூறு

"ஊரை ஏமாத்துறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?"

செகரட்டரி போட்ட சத்தத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்து இன்டர்நெட் பெட்டியை அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டிருந்த இன்டர்நெட் கம்பெனி மெக்கானிக் நிமிர்ந்தார்.

குடியிருப்போர் சங்கத்துக்கு எட்டு வருஷமாக அவர்தான் செகரட்டரி. லிஃப்ட் நின்றால் கடிதம், சாக்கடை அடைத்தால் கடிதம், நாய் குரைத்தால் கடிதம். எதை எதற்கு எழுதினோம் என்று அவருக்கே நினைவிருக்காது.

ஆனால் இன்றைய கோபம் நியாயமான கோபம். ஒரே மகள். போன வாரம் வேலைக்கான இன்டர்வியூவில் அவள் பாதி பதில் சொல்லும்போதே திரை அப்படியே நின்றுபோனது. அந்தக் கம்பெனி பெரிய மனசு பண்ணி, இன்று பதினொரு மணிக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருந்தது. இப்போதே மணி பத்தேகால்.

"ஸ்பீடு எவ்வளவு காட்டுது?"

"பன்னெண்டு சார். அதுவும் நிக்க மாட்டேங்குது."

"விளம்பரத்துல முந்நூறு, வீட்டுல பன்னெண்டு! வெட்கமா இல்லையா உங்களுக்கு?"

அந்த நேரம் பார்த்து, இன்டர்வியூவுக்கு மகள் போடவேண்டிய கோட்டு ஒன்றை அளவு சரிசெய்து எடுத்துக்கொண்டு வந்து நின்றார் தையல்காரம்மா. விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு ஆச்சரியம்.

"எங்க வீட்லயும் இதே பொட்டிதான் சார். சும்மா பறக்குதே!"

"அவங்க பின்தெரு சார். அங்க முந்நூறு வரும்" என்றார் மெக்கானிக்.

அவ்வளவுதான், செகரட்டரிக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"ஒரே கம்பெனி, ஒரே பொட்டி. பின்தெருவுக்கு முந்நூறு, எங்களுக்குப் பன்னெண்டா? நாங்க என்ன இளிச்சவாயங்களா?"

"பொட்டி மேல தப்பில்லே சார். இதுக்கு ஒயரே கிடையாது. செல்போன் டவர்லேருந்து காத்து வழியா எடுக்குது. டவர் இருக்கறது அவங்க வீட்டு மாடிக்கு நேர் எதிர்ல. இங்க வர்றதுக்குள்ள அதோ, அந்த ஏழு மாடிக் கட்டடம் மறிச்சிடுது."

"செல்போன் டவரா? அது வேற, வீட்டு இன்டர்நெட் வேற இல்லையா?"

"இந்தப் பொட்டிக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார்."

தையல்காரம்மா குறுக்கிட்டார். "பாப்பா எங்க வீட்லேருந்தே பேசட்டும் சார். நடந்தா பத்து நிமிஷம். நான் மிஷினை நிறுத்திடறேன்."

"நிஜமாவா அக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல் லேப்டாப்பை எடுக்க உள்ளே ஓடினாள் மகள்.

செகரட்டரிக்கு நெஞ்சு கொஞ்சம் குளிர்ந்தது. ஆனால் வாய் குளிரவில்லை.

"உங்க நல்ல மனசும்மா. அதுக்காக இவங்களை விடறதா இல்லை. ஏம்ப்பா, எண்பது வீடு இருக்கற இடம். டவரை எங்க மாடியில வெச்சிருந்தா உங்களுக்கு என்ன கேடு?"

"வைக்கத்தான் சார் வந்தோம், மூணு வருஷம் முன்னாடி. உங்க சங்கத்துலதான் வேண்டாம்னுட்டாங்க."

"எந்த மடையன் சொன்னான்?"

மெக்கானிக் மறுபடியும் பெட்டியைத் திருப்பத் தொடங்கினார். செகரட்டரி விடுவாரா?

"சும்மா வாயில வந்ததைச் சொல்லக் கூடாது. ஆதாரம் இருக்கா? காட்டு!"

"இங்கேருந்து புகார் வந்தா காட்டச் சொல்லி ஆபீஸ்லயே குடுத்திருக்காங்க சார்" என்று தயங்கித் தயங்கித் தன் போனை நீட்டினார்.

சங்கத்தின் லெட்டர்பேடு. அடியில், வால் நீண்ட ஒரு கையெழுத்து. அவருடையதேதான்.

'எங்கள் குடியிருப்பில் சிறு குழந்தைகள் இருக்கிறார்கள். டவரின் கதிர்வீச்சு அவர்களைப் பாதிக்கும். எனவே அதைப் பின்தெருவில் வைத்துக்கொள்ளவும்.'

செகரட்டரி போனை மெக்கானிக்கிடமே திருப்பிக் கொடுத்தார்.

வாசலில் அவசர அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த தையல்காரம்மா உள்ளே எட்டிக் குரல் கொடுத்தார்.

"வா கண்ணு, நேரமாச்சு. ஒண்ணே ஒண்ணுதான் சார்... எங்க வீட்லயும் சின்னக் குழந்தைங்க ரெண்டு இருக்கு. பாப்பாவுக்குத் தொந்தரவு இல்லாம நான் பாத்துக்கறேன்."