தலைகீழாய்ப் பிடித்த குட்டி

ஜப்பானின் கியூஷூ மலையடிவாரத்துக் குரங்குப் பூங்காவில், பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது சுமிரே என்ற தாய்க்குரங்கு. முதல் பேறு. விடியலில் பிறந்த குட்டியைத் தலைகீழாக அணைத்திருக்கிறது. குட்டி தாயின் தொடையைச் சப்பிச் சப்பி ஏமாறுகிறது. இன்னும் ஒரு சொட்டுப் பால்கூட இறங்கவில்லை. பராமரிப்பாளர் ஓரியே கண்கொட்டாமல் பார்க்கிறாள். சுமிரே பல்லைக் காட்டிக் குட்டியை இன்னும் இறுக்குகிறது.

"ஏம்மா, மாமியார் மாதிரி முறைச்சா அது எப்படிப் பால் குடுக்கும்?" என்று கிசுகிசுக்கிறார் உடன் வேலை பார்க்கும் ஹமாதா.

"பாக்காம எப்படிங்க இருக்கறது?"

கண்ணோடு கண் பார்த்தால் குரங்குக்குச் சண்டை என்று அர்த்தம். பத்து வருடமாக அவளுக்குத் தெரிந்ததுதான், இன்று மறந்துபோயிருக்கிறது. ஓரியே முதுகைக் காட்டி உட்காருகிறாள். ஈர இலைகளில் வெயில் ஏறுகிறது. பின்னால் ஒரு புரளல், ஒரு சிணுங்கல். பிறகு, 'ச்சப், ச்சப்' என்று மெல்லிய சத்தம், நடுநடுவே பால் விழுங்கும் ஒலி. திரும்பிப் பார்க்கும் ஆசை கழுத்துவரை வருகிறது, தலைகுனிந்தே சிரிக்கிறாள்.