தர்ப்பூசணி மேல் ஒரு நூல்

இந்தக் காலத்து ஆட்கள் வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு வார்த்தை கேட்காமலே ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று முணுமுணுத்தார், முப்பது வருஷம் லாரி ஓட்டிய சவரிமுத்து. மகள் ரோஸ்லின் கைக்குழந்தையோடு துபாயிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குப் பறந்துகொண்டிருந்தாள். பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர். மருமகள் அமலியின் போன் வரைபடத்திலோ, அந்த விமானம் வடதுருவத்துப் பனிக்கடலுக்கு மேல் இருந்தது. அவர் போனை விரலால் தட்டிக் காட்டினார்.

"ஏளா, மேற்க போற வண்டி வடக்க ஏன் போச்சு? டிரைவர் வழி தப்பிட்டான்ளா!"

"அதான் மாமா குறுக்கு வழி. இந்தப் பழந்தான் பூமி, காம்பு வடதுருவம், ஊசி ரெண்டும் ரெண்டு ஊருன்னு வச்சுக்குங்க" என்ற அமலி, ஒரு தர்ப்பூசணியின் நடுவுக்குச் சற்று மேலே, எதிரெதிராக இரண்டு ஊசிகளைக் குத்தினாள். ஒன்றில் நூலைக் கட்டி, பழத்தின் பக்கவாட்டில் சுற்றி, மற்றதன் வழியாக இழுத்தாள். இழுக்க இழுக்க நூல் தானாக மேலே வழுக்கி, காம்போரம் போய் விறைத்து நின்றது. சவரிமுத்து சூடுபட்டவர்போலப் பின்னால் நகர்ந்தார்.

"நம்புங்க மாமா."

"பழத்துல நூலு வழுக்கும். அதுக்காவ புள்ளைய பனிக்கு மேல ஏத்துவியா? ஒரு கம்பளிகூடக் குடுத்துவிடலியேளா!"

சொல்லிவிட்டு வெளியே நடந்தார். கொளுத்தும் மத்தியான வெயிலில், வடக்கு வானத்தைப் பார்த்தபடி, தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு காதையும் மூடிக் கட்டிக்கொண்டார்.