பாக்கலாம்

வாசலுக்கு வந்த அரசு இயந்திரத்தின் இரும்புக் கையில் பூட்டு இருந்தது.

"மேம்பாலத்துக்கு உங்கள் வீட்டைக் கேட்டோம். நியாயமான காலத்துக்குள் நீங்கள் மறுக்கவில்லை. அதனால் சம்மதம் என்று பதிவாகிவிட்டது."

"மறுக்கலையா? அன்னைக்கே உங்கிட்ட சொன்னேம்லா!" என்று இரைந்தாள் இசக்கியம்மாள்.

"'பாக்கலாம்' என்றுதான் சொன்னீர்கள்."

"நாசமாப் போச்சு! எம்மவளைப் பொண்ணு கேட்டு வந்த குடிகாரனுக்கும் அதத்தான் சொன்னேன். அவனுக்கே புரிஞ்சுது. எங்க ஊர்ல 'பாக்கலாம்'னா மாட்டேன்னு அர்த்தம். ஏத்திக்கோலே!"

இயந்திரம் அந்த அர்த்தத்தை ஏற்றிக்கொண்டது.

"அப்படியானால் முறைப்படி மீண்டும் கேட்கிறேன். வீட்டைத் தருவீர்களா?"

இசக்கியம்மாள் வாசல்படியை அடைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பாக்கலாம்."

"நியாயமான காலத்துக்குள் மறுத்துவிட்டீர்கள்" என்று சொல்லிவிட்டு, இயந்திரம் பூட்டோடு திரும்பிப் போனது.