வரிசையில் நாற்பது

“எல்லாத்தையும் அழிச்சிடு, கஸ்ஸான். அழிச்சா பிரிண்டர் தானா வேலை செய்யும்.”

ஹியாம் வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இதை மூன்றாவது முறையாகச் சொல்கிறாள்.

கஸ்ஸானுக்கு அன்றும் மற்ற நாட்களைப் போலத்தான் விடிந்தது. ஏழு மணிக்கு எழுந்தான். காபி வைத்தான். நஜ்லாவின் லேப்டாப் முன்னால் சிறிது நேரம் உட்கார்ந்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். மனைவி இறந்து முப்பத்தொன்பது நாளாக இதுதான் நடக்கிறது. இன்று கூடுதலாக, அவளுடைய அக்கா ஹியாம் ஸஹ்லேயிலிருந்து மலை தாண்டி பெய்ரூத்துக்கு வந்திருந்தாள்.

நாளை தேவாலயத்தில் நாற்பதாம் நாள் பூசை. அந்த அறிவிப்பு மதியத்துக்குள் தெருச் சுவர்களில் ஏற வேண்டும். தெருமுனை அச்சுக்கடை பூட்டிக் கிடந்தது. வீட்டுப் பிரிண்டரில் விளக்கு எரிந்தது. லேப்டாப் மட்டும் அதை ‘ஆஃப்லைன்’ என்றே சாதித்தது.

“அழிக்க முடியாது. பிரிண்ட் வரிசையில நஜ்லா அனுப்பினது ஒண்ணு நிக்குது,” என்றான்.

நஜ்லா பள்ளி ஆசிரியை. அப்போதெல்லாம் அவன் எட்டு மணிக்குத்தான் எழுவான். அவள் கிளம்பும்போது ஒரு வரி அடித்து, சேமித்து வைக்காமல், கூடத்துப் பிரிண்டருக்கு அனுப்பிவிட்டுப் போவாள். ஃபோன் செய்தியை அவன் மதியம் வரை பார்க்க மாட்டான், காகிதத்தைப் பார்ப்பான். கடைசி நாளும் அனுப்பியிருந்தாள். அது மட்டும் வெளியே வரவில்லை. அன்று பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அக்காவைப் பார்க்க மலையேறியவளின் கார் பள்ளத்தில் உருண்டது.

வரிசையை அழித்தால் அந்த வரியும் போய்விடும். வேறெங்கும் அது இல்லை.

“என்ன பெரிசா இருக்கப் போகுது? ‘குப்பையை எடுத்துட்டுப் போ’ன்னு இருக்கும். அதுக்காக என் தங்கச்சி பேரு சுவத்துல ஏறாமக் கிடக்கணுமா?” என்று லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள் ஹியாம். இழுத்த கை நின்றது.

“இது என்னது? நாப்பது இருக்கு!”

“ஆமா.”

“எல்லாத்துலயும் அவ பேரு. தினம் ஒண்ணு, காலையில ஏழு பத்துக்கு... கஸ்ஸான், நேத்து ஒண்ணு இருக்கு. இன்னிக்கும் இருக்கு!” அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். “யாரு அனுப்பறது?”

“நஜ்லாதான். ஏழு பத்துக்குத்தான் அனுப்புவா.”

அவன் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

அப்போது கரன்ட் போனது. பத்து எண்ணுவதற்குள் தெரு ஜெனரேட்டர் உறுமியது. ரவுட்டர் அணைந்து மறுபடி கண் திறந்தது. பிரிண்டரின் சின்னத் திரையில் அதன் முகவரி ஒரு முறை வந்து போனது. கடைசி எண் பன்னிரண்டு. லேப்டாப்போ ஏழாம் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தது.

கஸ்ஸானுக்குப் புரிந்துவிட்டது. இந்த ஊரில் கரன்ட் கைமாறும்போதெல்லாம் ரவுட்டர் வீட்டிலுள்ள சாமான்களுக்குப் புது எண் கொடுத்துவிடும். வீடு மாறிப் போனவருக்குப் பழைய விலாசத்துக்கே நாற்பது கடிதம் போட்ட கதைதான். லேப்டாப்பில் ஏழு என்றிருந்ததை எடுத்துவிட்டுப் பன்னிரண்டு என்று அடித்தான்.

“வேண்டாம் கஸ்ஸான். இது நல்ல சமாச்சாரமாத் தெரியல. அழிச்சிடு, என் கண்ணுல்ல!”

பிரிண்டர் முனகியது. முதல் காகிதம் நகர்ந்து வந்தது. அவன் எழுவதற்குள் ஹியாம் எடுத்துவிட்டாள். உதடு அசையாமல் படித்தாள். பிறகு சத்தமாகப் படித்தாள்.

“‘என் உயிரே, காபி ஆறறதுக்குள்ள குடி. சாயங்காலம் பார்ப்போம்.’ அவ்வளவுதான். இதுக்குப் போயி...” அவள் கண் நிறைந்தது. காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். “இது என்கிட்ட இருக்கட்டும். அவ ஞாபகமா.”

பிரிண்டர் நிற்கவில்லை. அடுத்ததை எடுத்துப் படித்தாள். “‘பட்டன் இல்லாத சட்டையில மந்திரி மாதிரி நடக்காதே.’” அதற்கடுத்தது: “‘தாடியை எடு. எங்க ஸ்கூல் வாட்ச்மேன் உன்னைவிட லட்சணமா இருக்கான்.’”

ஹியாம் காகிதத்தைக் கீழே வைத்தாள். “இது அவளேதான். அவ வாயேதான். செத்தவ எப்படிடா...”

“நான்தான் அடிக்கிறேன். முதல் ஒண்ணுதான் அவளோடது,” என்றான் கஸ்ஸான். “காலையில அவ இடத்துல உட்கார்ந்தா கை தானா அடிக்குது. எழுந்ததும் என்ன அடிச்சேன்னே ஞாபகம் இருக்காது.”

காகிதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டே இருந்தன. கடைசியும் விழுந்து, பிரிண்டர் அடங்கியது. கஸ்ஸான் அவற்றைத் தட்டி அடுக்கி மேசைமேல் வைத்தான்.

“அவளை மாதிரியே பேச எனக்கு வந்துடுச்சு, ஹியாம். முதல்ல நீங்க படிச்சீங்களே, அது அவ பேச்சு இல்ல. கல்யாணமான அஞ்சு வருஷத்துல அவ என்னை ஒரு தடவைகூட ‘என் உயிரே’ன்னு கூப்பிட்டதில்ல. அந்தக் காகிதத்தைக் கொடுங்க.”

ஹியாம் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். “அவ போயிட்டா, தம்பி. நான் படிச்சதே இருந்துட்டுப் போகட்டுமே.”

அவன் நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் அவள் பையைத் திறந்தாள்.

நாலு மடிப்பையும் பிரித்தான். நஜ்லா உண்மையில் கடைசியாகச் சொன்னது அதில் இருந்தது:

“நான் ஹியாம் வீட்டுக்குப் போறேன், கஸ்ஸான். இனி திரும்பி வரமாட்டேன்; அவளைத் திட்டாதே, அவ வேண்டாம்னுதான் சொன்னா.”